மேல் வீட்டுக்காரர்

அந்த மனநல ஆஸ்பத்திரிக்கு நான் முதல்முறை வேலையாகப் போன அன்று, என்னைப் பிடித்து உள்ளே தள்ளிக் கதவைப் பூட்டிவிட்டார்கள். சிரிக்காதீர்கள். காலை பத்து மணி. கையில் கருவிப் பை, சட்டைப் பையில் கம்பெனி அடையாள அட்டை. ஆவண அறையில் ஜெராக்ஸ் மிஷின் கோடு கோடாகப் போடுகிறது, போய்ப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பியிருந்தார்கள். பின்கட்டிடத்துக்குள் நுழைந்தேன். நீளமான நடை, இரண்டு பக்கமும் வலையடித்த ஜன்னல்கள், பினாயில் வாசனை, அதற்கு அடியில் பினாயிலால் மறைக்க முடியாத வேறு ஏதோ வாசனை. பத்தடி போவதற்குள் ஒரு காவலாளி என் தோளைப் பிடித்தார்.

“சட்டை மாத்திக்கிட்டுக் கிளம்பியாச்சா? வாங்க, வாங்க.”

நீங்கள் நினைக்கிற ஆள் நான் இல்லை, அவனுடைய தம்பி என்றேன். இங்கே எல்லாரும் அப்படித்தான் எதையாவது சொல்வார்கள் என்று அவர் அன்பாகவே பதில் சொன்னார். அட்டையைக் காட்டினேன். அதிலிருந்த படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, இதை எப்போது எடுத்தீர்கள் என்று கேட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தப் படத்திலிருந்த முகம்தான் ஆறாம் நம்பர் கட்டிலில் எட்டு வருஷமாகப் படுத்திருந்தது.

கம்பிக் கதவுக்கு உள்ளே பத்து நிமிஷம் நின்றேன். கட்டிலில் உட்கார்ந்திருந்த என் அண்ணன் என்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். இரண்டு வருஷத்துக்குப் பிறகு நான் அவனைப் பார்த்தது அப்படித்தான். ஏன் இரண்டு வருஷமாக வரவில்லை என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்தது. கண்ணாடியில் தினமும் சவரம் செய்கிற முகம், கட்டிலில் உட்கார்ந்து கூரையோடு வாதாடுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவ்வளவுதான் விஷயம். நான் ஒரு கோழை.

அண்ணன் என்றால் பதினோரு நிமிஷத்துக்கு அண்ணன். ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்தவர்கள் நாங்கள். அம்மாவே குழம்பிப்போய் ஒருவனுக்கு இரண்டு தடவை சோறு போட்டு மற்றவனைப் பட்டினி போட்டிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் இதை வைத்து நன்றாகவே பிழைத்தோம். எனக்குப் பதில் அவன் ஆசிரியர் முன் நின்று வாய்ப்பாடு ஒப்பிப்பான். அவனுக்குப் பதில் நான் ஓட்டப் பந்தயத்தில் ஓடுவேன். தடுப்பூசி போட வந்தால் நான் கழிப்பறையில் ஒளிந்துகொள்வேன். அவன் வரிசையில் இரண்டு தடவை நின்று இரண்டு கையிலும் போட்டுக்கொண்டு வருவான். வலிக்கவே இல்லை என்று வேறு சொல்வான், புளுகுமூட்டை.

இருபத்திரண்டாவது வயதில் ஒரு மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்து, மேல் வீட்டுக்காரர் நடக்கிறார் என்றான். எங்கள் வீட்டுக்கு மேலே ஓடுதான் இருந்தது. அப்பா ஏணி வைத்து ஏறிப் பார்த்தார். பூனைகூட இல்லை. அடுத்த வாரம் மேல் வீட்டுக்காரர் பேசவும் ஆரம்பித்தார். வயதானவர், மரியாதைக்காரர், தொண்டையைச் செருமிக்கொண்டுதான் வாயைத் திறப்பார் என்று அண்ணன் சொன்னான். என்ன பேசுகிறார் என்று கேட்டால் மட்டும் உதட்டை இறுக்கிக்கொள்வான். துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்துக் கூரையை இடிப்பான். டாக்டர்கள் அதற்கு மனச்சிதைவு என்று பெயர் சொன்னார்கள். அம்மா அழுதே போய்ச் சேர்ந்தாள். அப்பாவும் பின்னாலேயே போனார். அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போனான். நான் கல்யாணம் பண்ணிக்கொண்டேன். என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எனக்கு ஓர் அண்ணன் உண்டு, மனநல ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்பதுவரைதான் அவளுக்குத் தெரியும். மேல் வீட்டுக்காரரைப் பற்றி நான் அவளிடம் மூச்சு விட்டதில்லை.

அன்று சத்தம் கேட்டு வந்த டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். சின்ன உருவம், பெரிய கண்ணாடி, காதுக்குப் பின்னால் ஒரு பேனா. என்னை விடுவித்துத் தன் அறைக்குக் கூட்டிப்போனார். உருவொத்த இரட்டையர்களைப் பற்றித்தான் அவருடைய ஆராய்ச்சி. ஒருவருக்கு இந்த நோய் வந்தால் இன்னொருவருக்கும் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று முன்பு சொல்வார்கள், அதைவிடக் குறைவு என்று இப்போது சொல்கிறார்கள் என்றார். 

“ஒரே கருதானே? அப்போ ஏன் நூத்துக்கு நூறு இல்ல? எங்கயோ ஒரு வித்தியாசம் இருக்கணும். அதத்தான் தேடுறேன்.”

ஒரே தாளை இரண்டு தடவை போட்டு எடுத்தால் இரண்டு நகலும் ஒன்றாக இருக்காது டாக்டர், ஒன்றில் ஒரு புள்ளி விட்டுப்போகும், இன்னொன்றில் ஒரு கோடு கூடுதலாக விழும், பதினைந்து வருஷமாக அதோடுதான் மல்லுக்கட்டுகிறேன் என்றேன். அவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். அதேதான், கரு பிரிந்த பிறகு மரபணுவைத் திரும்பத் திரும்பப் பிரதி எடுக்கிறபோது ஒருவருக்கு ஒரு துண்டு விட்டுப்போகலாம், ஒருவருக்கு ஒரு துண்டு இரட்டிப்பாகலாம், உங்கள் இரண்டு பேர் ரத்தத்தையும் வைத்து வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்தால் தெரியும் என்றார். எனக்கு வருமா வராதா என்பதும் அதில் தெரியுமா என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் அவரிடம் இருந்து உங்களிடம் இல்லாத ஒன்று கிடைத்தால் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கலாம் என்றார்.

அந்த நிம்மதிக்காகத்தான் நான் சம்மதித்தேன். ஆராய்ச்சிக்காக இல்லை, அண்ணனுக்காகவும் இல்லை.

குறித்த நாளில் காலையில் என் ரத்தத்தை எடுத்தார்கள். குழாயில் என் பெயரை ஒட்டினார்கள். அண்ணன் முறை வந்தது. ஊசியைப் பார்த்ததும் அவன் சுவரோடு ஒட்டிக்கொண்டு அலறினான். சின்ன வயதில் எனக்கும் சேர்த்துக் குத்திக்கொண்டவன். இரண்டு பேர் பிடித்தும் முடியவில்லை. டாக்டரம்மா எல்லாரையும் விலக்கினார். கட்டாயப்படுத்தி எடுக்கிற ரத்தம் எனக்கு வேண்டாம், மத்தியானம் அவரே மனசு மாறி வந்தால் எடுப்போம் என்று சொல்லிவிட்டு வார்டுக்குப் போனார்.

அண்ணனைப் பின்பக்கத் துணி உலர்த்தும் கொட்டகைக்குக் கூட்டிப்போனேன். ஈரப் போர்வைகள் தொங்கின. சோப்பு வாசனை. அவன் ஒரு போர்வைக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டான். எனக்கு அந்தப் பழைய யோசனை வந்தது. இரட்டையர்களுக்கு மட்டும்தான் இந்தப் புத்தி வரும்.

உன் சட்டையைக் கொடு, நான் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்றேன்.

இரண்டு குழாயிலும் என் ரத்தமே இருந்தால் ஒப்பிட்டு என்ன பயன் என்று கேட்பீர்கள். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. சத்தியமாக உறைக்கவில்லை. அவன் அலறலை நிறுத்த வேண்டும், அவன் எனக்குச் செய்ததை ஒரு தடவையாவது நான் அவனுக்குச் செய்ய வேண்டும், அது மட்டும்தான் மண்டையில் இருந்தது.

அவன் சட்டையின் இரண்டு முனையையும் இறுகப் பிடித்துக்கொண்டான்.

“வேண்டாம்டா. என் பேர்ல நீ போய் உட்காராத. ஆள் வந்தாச்சுன்னு நெனச்சுக்குவாரு.”

“யாரு?”

அவன் மேலே பார்த்தான். தகரக் கூரைதான் இருந்தது.

“அவரு கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். ‘தம்பி இருக்காரா?’ பதினாறு வருஷமா தினமும் கேக்குறாரு. இல்ல, வெளியூர் போயிருக்கான்னு பதினாறு வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கேன்.”

அன்றுதான் அது எனக்குத் தெரியும். நான் சிரித்தேன். மனசு கனத்தது, இருந்தாலும் சிரித்தேன். பைத்தியக்காரா, எனக்காகப் பொய் சொல்லியே உன் ஆயுசில் பாதி போய்விட்டதே என்று அவன் தலையைத் தடவினேன். பிறகு பொத்தான்களைக் கழற்றிச் சட்டையை உருவிக்கொண்டேன். அவன் பனியனோடு உட்கார்ந்து என்னையே பார்த்தான்.

தலையைக் கலைத்துக்கொண்டேன். காலை இழுத்து இழுத்து நடந்தேன். நாற்காலியில் அவனாக உட்கார்ந்தேன். பெயர் கேட்டார்கள், அவன் பெயரைச் சொன்னேன். நர்ஸ் ஊசியைச் செருகினாள். அடர்ந்த சிவப்பாகக் குழாய் நிறைந்தது.

எனக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

வார்டு பணியாள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

கொட்டகைக்குத் திரும்பியபோது அண்ணன் எழுந்து நின்றுகொண்டிருந்தான். தகரக் கூரையை அண்ணாந்து பார்த்தபடி, காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு. முகத்தில் எனக்குப் புரியாத ஒரு பயம்.

“சத்தம் நின்னுடுச்சு,” என்றான்.

அன்றிலிருந்து அவன் தேறினான். பொய்யில்லை, கேஸ் தாளிலேயே எழுதியிருக்கிறார்கள். தூங்கினான். சாப்பிட்டான். காவலாளியோடு சதுரங்கம் ஆடி மூன்று தடவை ஜெயித்தான். புதிதாகக் கொடுத்த மாத்திரை வேலை செய்கிறது என்று டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். நானும் வாராவாரம் போக ஆரம்பித்தேன். ஆனால் என்னைப் பார்த்தால் மட்டும் அவன் கண் கலங்கும். யாரும் பக்கத்தில் இல்லாதபோது, என் சட்டையைப் பிடித்து இழுத்துக் காதில் சொல்வான்.

“திருப்பிக் குடுத்துடுடா.”

எதை என்று கேட்டால் கையை விட்டுவிடுவான். மேலே பார்த்துக் கூப்பிட்டுப் பார்ப்பான். ஐயா, நான்தான் இருக்கேன், அவன் இல்லை, போயிட்டான் என்று கெஞ்சுவான். மேலேயிருந்து பதில் வரவில்லை என்பது அவன் முகத்தில் தெரியும். பதினாறு வருஷம் அவனை வதைத்த குரலை அவன் அப்படித் தேடியதைப் பார்த்துவிட்டு வந்து, வீட்டில் என்னால் சாப்பிட முடியாது.

ஆறு வாரம் கழித்து முடிவு வந்தது.

டாக்டரம்மா என்னையும் என் மனைவியையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். கையில் இரண்டு நீளத் தாள்கள். எல்லாமே ஒன்றாக இருக்கிறது, ஓர் இடத்தைத் தவிர என்றார். ஒரு சின்னத் துண்டு. உங்கள் ரத்தத்தில் இருக்கிறது, அண்ணன் ரத்தத்தில் இல்லை. மூளை சம்பந்தப்பட்ட இடம், உங்களைக் காப்பது இதுவாக இருக்கலாம், இன்னும் எத்தனையோ பேரிடம் பார்க்க வேண்டும், இருந்தாலும் எனக்கு நம்பிக்கையாக இருக்கிறது என்று அவர் பேசிக்கொண்டே போனார். என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். கல்யாணமான ஆறு வருஷமாக அவளும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள், ஒரு நாளும் காட்டிக்கொண்டதில்லை.

நான் அந்த இரண்டு தாளையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டும் என் ரத்தம்.

காலையில் இருந்தது, மத்தியானம் இல்லை.

வாயைத் திறக்க முடியவில்லை. திறந்தால் ஆராய்ச்சியைக் கெடுத்தவன் ஆவேன். திறக்காவிட்டால் இந்தச் சந்தேகத்தோடு குடும்பம் நடத்த வேண்டும். குழாய் மாறியிருக்கும், மிஷின் கோளாறு, எந்த மிஷின்தான் ஒழுங்காக வேலை செய்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மிஷின் ரிப்பேர்காரனுக்கு அந்த ஆறுதல் கொஞ்ச நாள் தாங்கும்.

அடுத்த மாதம் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி கட்டிவிட்டது. மூன்றாம் நாள் மூச்சு இரைக்க இரைக்க, கண்ணை மூடியபடி, “இல்ல, வெளியூர், வெளியூர்,” என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். பகல் ஒன்றரை மணிக்கு அந்தச் சொல்லும் நின்றது. அவனை எரித்துவிட்டு வந்து குளித்தேன். கண்ணாடியில் அவன் முகம் நின்றது. அன்றைக்குச் சவரம் செய்யவில்லை.

பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்று யார் சொன்னது? எனக்கு ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் வந்தது.

எங்கள் வீடு மூன்றாவது மாடி. இரண்டு அறை, ஒரு சமையலறை. எங்களுக்கு மேலே மொட்டை மாடியும் தண்ணீர்த் தொட்டியும்தான். மாடிக் கதவின் சாவி வீட்டுச் சொந்தக்காரரிடம். மனைவி கடைக்குப் போயிருந்தாள். நான் உள்ளறையில் படுத்துப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மின்விசிறி சத்தம். தெருவில் ஒரு ஸ்கூட்டர் கிளம்பாமல் இருமிக்கொண்டிருந்தது.

மேலே யாரோ நடந்தார்கள்.

செருப்பில்லாத கால். வயதான கால். ஓர் அடி, கொஞ்சம் இடைவெளி, இன்னோர் அடி. சுவரிலிருந்து கட்டிலுக்கு நேர் மேலே வந்து நின்றது.

நான் மின்விசிறியை நிறுத்தினேன்.

செருமல்.

“தம்பி இருக்காரா?”

குரலில் பயமுறுத்துகிற எதுவும் இல்லை. தபால்காரர் கேட்பதுபோலக் கேட்டது. என் உடம்பிலிருந்த ஒவ்வொரு முடியும் எழுந்து நின்றது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். என் மூச்சு எனக்கே பெரிய சத்தமாகக் கேட்டது. மனைவி கதவைத் திறந்து காய்கறிப் பையை இறக்கிவைத்த பிறகுதான் கையை எடுத்தேன். மேலே ஏதாவது சத்தம் கேட்டதா என்று கேட்டேன். தொட்டியில் தண்ணீர் ஏறுகிறது என்றாள்.

தினமும் வந்தது. எப்போதும் மத்தியானம். வேலைக்குப் போன இடங்களுக்கும் வந்தது. மாடியே இல்லாத அலுவலகத்தில் மிஷினுக்குள் கையை விட்டுக்கொண்டிருப்பேன், தலைக்கு மேலே காலடி. கூட வேலை பார்க்கிறவன் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பான். அவன் காதில் விழவில்லை. யார் காதிலும் விழவில்லை.

அப்போது நான் என்ன வேண்டிக்கொண்டேன் தெரியுமா? இது பேயாக இருந்துவிட வேண்டும் என்று. உலகத்தில் எவனாவது அப்படி வேண்டியிருப்பானா? பேய் என்றால் அது வெளியே இருக்கிறது. வீடு மாறலாம், ஊர் மாறலாம், கையில் காலில் விழலாம். நோய் என்றால் அது நானே. ஆறாம் நம்பர் கட்டில். துடைப்பம். என் மனைவி வாராவாரம் பழம் வாங்கிக்கொண்டு வந்து, பிறகு மாதம் ஒரு முறை வந்து, பிறகு வராமல் போவது. வராமல் போகிறவர்களைப் பற்றி எனக்குத் தெரியாதா? வேறு ஒரே ஓர் ஆள் அந்தக் குரலைக் கேட்டால் போதும், பேய்தான் என்று கூத்தாடியிருப்பேன்.

ஒரு வாரம் தூங்காமல் இருந்துவிட்டு டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். சட்டை மாற்றியதை, இரண்டு குழாயும் என்னுடையவை என்பதை, காலடியை, கேள்வியை. அவருக்குக் கோபம் வந்தது. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு தானே ஊசியை எடுத்து, என் கையிலிருந்து ரத்தம் எடுத்தார். மூன்று வாரம் ஆகும் என்றார். அந்த மூன்று வாரமும் நான் மத்தியானங்களில் வாயைப் பொத்திக்கொண்டு வாழ்ந்தேன்.

மூன்றாவது குழாயிலும் அந்தத் துண்டு இல்லை.

அவர் மெதுவாகத்தான் சொன்னார். உங்களிடம் அது இல்லை. அப்படியென்றால் இல்லை என்று வந்த பழைய குழாய்தான் உங்களுடையது. இருக்கிறது என்று வந்தது அண்ணனுடையது. பெயர்தான் மாறியிருக்கிறது. ஆக, அந்தத் துண்டு உங்களைக் காக்கிறது என்று நான் சொன்னதும் தப்பு. நீங்கள் நினைக்கிறபடி இரண்டும் உங்களுடையவையாக இருக்கவே முடியாது. நான் மறுத்தேன். நர்ஸைக் கூப்பிட்டுக் கேட்டார். இரண்டு பேரும் வந்து கொடுத்தார்கள், சட்டைகூட வேறுவேறு என்று அவள் சொன்னாள். அவள் கண்ணால் பார்த்ததைத்தானே சொல்வாள்.

“அவன் குடுக்கல டாக்டர். நான்தான் ரெண்டு தடவையும் உட்கார்ந்தேன்.”

“உங்களுக்கு அப்படித்தான் ஞாபகம் இருக்கு. புரியுது. ஆனா காலைல இருந்த ரத்தம் மத்தியானம் மாறாது. நான் சொல்றது பயமாத்தான் இருக்கும். அண்ணன் செத்த துக்கம், தூக்கமில்ல, அதுக்கு மேல குரல் கேக்குது. இப்பவே மருந்து ஆரம்பிச்சா நல்லா இருக்கலாம். எத்தனையோ பேர் வேலைக்குப் போறாங்க, குடும்பம் நடத்துறாங்க. எனக்குத் தெரியும்.”

என் ஞாபகமே என் நோயின் அடையாளமாகிவிட்டது. அதற்குமேல் யாரோடு வாதாடுவது? அழுதேன். அவர் தண்ணீர் கொடுத்தார். மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்தேன். தூக்கத்துக்கு என்று மனைவியிடம் சொன்னேன்.

பதினோரு நாள் மேலே சத்தம் இல்லை.

நம்பமாட்டீர்கள், நான் அந்த நோயைக் கிட்டத்தட்ட நேசிக்க ஆரம்பித்துவிட்டேன். நோய்தான். சரி. நோய் என்றால் மாத்திரை இருக்கிறது, டாக்டரம்மா இருக்கிறார், காலை ஒன்று இரவு ஒன்று. நாக்கு வறண்டது, கை லேசாக நடுங்கியது, திருகாணியைப் பிடிக்க இரண்டு தடவை முயல வேண்டியிருந்தது. பரவாயில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். என் அண்ணன் பதினாறு வருஷம் தனியாகத் தாங்கியதை நான் ஒருத்தியிடமாவது சொல்லித் தாங்கிக்கொள்ள நினைத்தேன்.

அன்று மத்தியானம் மருந்துக்கடைக்குப் போய்விட்டு மாடியேறி வந்தேன். கதவு திறந்தே இருந்தது. மனைவி பரீட்சைத் தாள்களை ஓரமாக அடுக்கிவைத்துவிட்டு, தண்ணீர் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள்.

“வந்துட்டீங்களா? உங்களத் தேடி ஒரு பெரியவர் வந்திருக்காரு. உங்க அண்ணன நல்லாத் தெரியுமாம்.”

யார் என்றேன்.

“பேரு சொல்லல. வாசல்ல நின்னு செருமினாரு. தம்பி இருக்காரான்னாரு.”

என் கையிலிருந்த மருந்துப் பொட்டலம் விழுந்தது.

வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அவள் கேட்டிருக்கிறாள். பார்த்திருக்கிறாள். நான் சொல்லாமலேயே. எனக்கு நோய் இல்லை, என் மூளை என்னுடையதுதான், என் ஞாபகம் உண்மைதான், நான்தான் இரண்டு தடவையும் உட்கார்ந்தேன். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவளும் என்னவென்று தெரியாமலேயே சிரித்தாள்.

பிறகுதான் கேட்டேன்.

“நீ என்ன சொன்ன?”

“என்ன சொல்லுவாங்க? இருக்காரு, இப்ப வந்துடுவாரு, உள்ள வந்து உட்காருங்கன்னேன். பாவம், எவ்வளவு நேரம் நிப்பாரு.”

பதினாறு வருஷம் ஒருவன் தன் புத்தியைக் கொடுத்துக் காத்த கதவு அது.

உள்ளறைக்கு ஓடினேன். கட்டில், அலமாரி, ஜன்னல், வெயில். யாரும் இல்லை. ஐயா, நான்தான் தம்பி, நான் வந்துவிட்டேன், என்னிடம் பேசுங்கள் என்று கத்தினேன். கூரையைப் பார்த்துக் கத்தினேன். காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒரு காலடியாவது, ஒரு செருமலாவது கேட்காதா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

ஒன்றுமே கேட்கவில்லை.

இத்தனை நாளில் அப்படியொரு அமைதியை நான் கேட்டதில்லை.

திரும்பினேன். மனைவி உள்ளறை வாசற்படியில் நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால், கொஞ்சம் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள், தலையை ஒரு பக்கம் சாய்த்து, பெரியவர்கள் பேசும்போது குறுக்கிடாமல் கேட்கிற மாதிரி. சரிங்க, சரிங்க என்று இரண்டு தடவை தலையாட்டினாள். பிறகு டம்ளரைக் காற்றில் நீட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள்:

“உங்களப் பார்க்க வரலியாம். இனிமே எங்கிட்டயே பேசிக்கிறாராம்.”